கல்லறை வளைவில் உடைந்த குழாய்

பொன்னேரியில் நடந்த கூட்டத்தில் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். மைக்கைப் பார்த்தேன். வணக்கம் சொன்னேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை, உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குப்பத்தில் பெண்கள் ஊர்க் கூட்டத்தில் பேசும் வழக்கமில்லை. பழகாத வாய், என்ன செய்யும்?

எனக்குப் பிறகு ஒருவர் பேசினார். "ரோட்டுக்கு அடியில இருக்கிற பைப் எல்லாம் பழசு. வயசாயிடுச்சு, உடையுது. நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். கை வேறு தட்டினீர்கள். அப்போது வந்த கோபம் வீட்டுக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. சோற்றில் கை வைத்தால் கோபம், பாயில் படுத்தால் கோபம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

பிள்ளைகளே, எந்தக் குழாயும் வயசாகிச் சாவதில்லை. வயசு என்பது நாம் கண்டுபிடித்த சாக்கு. டச்சுக்காரன் பழவேற்காட்டில் கட்டிய கல்லறைச் சுவர் இன்னும் நிற்கிறது. நேற்றுப் போட்ட குழாய் உடைகிறது. வயசுதான் காரணம் என்றால் முதலில் எது விழுந்திருக்க வேண்டும்? குழாயை யாரோ கொல்கிறார்கள். மெதுவாக, பல பேர் சேர்ந்து கொல்கிறார்கள். ஒருத்தர் மட்டும் செய்யாததால் கொலை என்று யாரும் சொல்வதில்லை. அவ்வளவுதான்.

நான் பார்த்த ஒரு கொலையைச் சொல்கிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டை ஒட்டி ஏரிக்கரையில் இருக்கிறது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் மேற்கேயிருந்து, வயல்வெளியில் போட்ட ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து எங்கள் தொட்டிக்கு வரும். தொட்டியிலிருந்து ஒரே ஒரு பெரிய குழாய் சாலைக்கு அடியில் போகும். வழியில் மூன்று தெருக்களுக்குப் பிரியும். பிறகு டச்சுக் கல்லறைக்குப் பக்கத்தில் சாலை வளைகிற இடத்தில் குறுக்கே கடந்து, எதிர்ப்புறம் இருக்கும் நாலாவது தெருவுக்குப் போய் முடியும். கடைசித் தெரு என்று சொல்வோம். என் வீட்டுக்காரர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போன பிறகு, தொட்டியை நிரப்பி வால்வு திறக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

தண்ணீர் எப்போதும் பற்றாக்குறை. அதை எப்படிப் பங்கு போடுவது என்று ஊரில் பேச்சு வந்தபோது, எங்கள் ஆண்களுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களுக்குப் பாடு உண்டு. இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று முறை வைத்திருப்பார்கள். அதுதான் பாடு. உன் பாட்டு நாளில் காற்றடித்து வலை போட முடியாமல் போனால் போனதுதான், அடுத்தவன் பாட்டைக் கேட்க முடியாது. இந்தச் சட்டத்துக்கு மேல் எங்கள் ஊரில் சட்டம் கிடையாது. அதையே குழாய்க்கும் வைத்தார்கள். ஒரு நாள் ஒரு தெரு. அன்றைக்கு மற்ற மூன்று தெருவுக்கும் சொட்டுக்கூடக் கிடையாது.

சண்டை இல்லை. யாருக்கும் கூடுதல் இல்லை, யாருக்கும் குறைவில்லை. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. குழாய்க்கு அந்த நியாயம் தெரியாது.

வலைக்குப் பாடு வைக்கலாம். ஏரி வற்றாமல் அங்கேயே கிடக்கும், வலைதான் மாறி மாறி வரும். குழாய் அப்படியா? பாடு முடிந்து வால்வை மூடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் தாழ்வான பக்கம் இறங்கிப் போய்விடும். குழாய் வெறுமையாகிவிடும். வெறும் குழாய் சும்மா இருக்காது, உறிஞ்சும். எங்கே சின்ன விரிசல் இருக்கிறதோ, எந்த மூட்டு தளர்ந்திருக்கிறதோ, அந்த வழியாக வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். மறுநாள் வேறொரு தெருவுக்குத் திறக்கும்போது தண்ணீர் ஓடி வந்து அந்தக் காற்றின் மீது மோதும். சாலைக்கு அடியில் டங்கு டங்கு என்று சத்தம் கேட்கும். தினமும் நெஞ்சில் ஒரு குத்து வாங்கினால் மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்?

மெதுவாகத் திறந்தால் இவ்வளவு மோதாது. ஆனால் மெதுவாகத் திறக்க விட்டால்தானே! பாடு வந்த தெருக்காரர்கள் குடத்தோடு வந்து என் தலைமேல் நிற்பார்கள்.

"இன்னாம்மே, கொழந்தைக்குத் தல சீவிக்கினு கீறியா? சட்டுனு தொறந்து வுடு!"

"எங்க பாட்டு நேரம் போவுது. நாளைக்கு எடுத்துக் குடுப்பியா நீ?"

ஆண்கள் நாலு பேர் நின்று கத்தினால் என் கை தானாக வேகமாகத் திரும்பிவிடும். உங்களுக்கும் இது நடக்கும். அதனால் சொல்கிறேன். கத்துகிறவனுக்குக் குடம்தான் தெரியும். குழாயை யோசிக்கிற ஆள் அந்த இடத்தில் நீங்கள் ஒருத்தர்தான்.

ஒரு நாள் கல்லறை வளைவில் ஐஸ் கட்டி ஏற்றி வந்த லாரியின் பின்சக்கரம் தாருக்குள் இறங்கிவிட்டது. தோண்டிப் பார்த்தால் குழாய் உடைந்து கிடந்தது. பழுது பார்க்க டவுனிலிருந்து ஃபிட்டர் பாய் வந்தார். பாய் பேரைச் சொல்ல வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. பள்ளத்தில் இறங்கி, ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, இங்க வந்து பாரு. டச்சுக்காரன் போயி எவ்ளோ காலம் ஆச்சு, இன்னும் நம்ம தண்ணியில கைய வெச்சிக்கினு கீறான்."

குழாய்க்கு அடியில் ஒரு செங்கல் சுவர் குறுக்கே ஓடியது. நம் செங்கல் மாதிரி இல்லை. மெல்லிசாக, சின்னதாக, சுண்ணாம்பு இறுகிப் பாறையாக நின்றது. எந்தக் காலத்துக் கட்டடத்தின் அடித்தளமோ. குழாய் போட வந்தவர்கள் தோண்டும்போது இந்தச் சுவரைப் பார்த்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிச் சுவரைச் சுற்றிப் போயிருக்கலாம். இல்லை, சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் நல்லதாக மணலாவது கொட்டியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. சுவர் மேலேயே குழாயைத் தூக்கி வைத்து, மண்ணைத் தள்ளி, தாரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"ரெண்டு பக்கமும் மணலு, நடுவுல கல்லு" என்றார் பாய். "லாரி ஏறுனா மணலு அமுங்கும், கல்லு அமுங்காது. அப்ப இன்னா ஆவும்? முட்டியில வெச்சி வெறகு ஒடிக்கிற மாதிரிதான். இது உடையல தங்கச்சி. முதுக ஒடிச்சிட்டானுங்க."

பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். உடையாத பக்கத்தில் குழாயைச் சீவினார். இரும்புக் குழாய், பிள்ளைகளே! வார்ப்பு இரும்பு! கத்திக்குச் சீவிக்கொண்டு வந்தது. கருப்பாக, வழவழப்பாக. அந்தத் துண்டை எடுத்துச் செங்கல் மேல் ஒரு கோடு போட்டார். பென்சில் போட்ட மாதிரி விழுந்தது.

"உப்பு மண்ணுல்ல. ஏரித் தண்ணி ஏறி எறங்குற மண்ணு. இரும்ப மட்டும் தின்னுட்டு கரிய வுட்டுட்டுப் போயிடும். மேல பாத்தா முழுக் கொழா மாதிரியே நிக்கும். உள்ள சத்து இல்ல."

வெளியே முழுசாகத் தெரிவதை நம்பாதீர்கள். நான் அன்று கற்றது அதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை.

பாய் சொன்ன வழி எளிதானது. வளைவில் இருக்கும் செத்த குழாயை வெட்டி எடுக்க வேண்டும். சுவர் மேல் மணல் மெத்தை போட்டு, கொஞ்சம் அசைந்து கொடுக்கிற மூட்டோடு புதுக் குழாய் வைக்க வேண்டும். அதற்குப் பள்ளம் காய்ந்திருக்க வேண்டும். மூன்று நாள் தண்ணீரை நிறுத்த வேண்டும். கடைசித் தெருவுக்கு நான் திறந்து மூடுகிற வால்வு வளைவைத் தாண்டித்தான் இருந்தது. வளைவுக்கு முன்னாலும் ஒரு வால்வு இருந்ததாம், அது இருந்தால் கடைசித் தெருவை மட்டும் நிறுத்தினால் போதும். அதன் மேல் தார் மேல் தாராகப் போட்டு மூடிவிட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் தொட்டியடியில் மூட வேண்டும். நாலு தெருவும் நிற்கும்.

அன்று மாலை வலைக் கொட்டகையில் ஊர் கூடியது. நான் தூரத்தில் படகு நிழலில் நின்று கேட்டேன். எனக்காக என் அண்ணன் எடுத்துச் சொன்னார்.

"நாளைக்கு எங்க தெரு பாடு. நான் எதுக்கு வுடணும்? மூணாந் தெருக்காரன் வுடட்டும்."

"ஏன், நாங்க இன்னா இளிச்சவாயனுங்களா? போன பொங்கலுக்கு மோட்டாரு படுத்துச்சு, எங்க பாடு போச்சு. எவனாச்சும் ஒரு கொடம் குடுத்தீங்களா?"

"ஒடைஞ்சது கடைசித் தெருவுக்குப் போற எடத்துல. எங்க தெருவுக்குத் தண்ணி சோக்கா வருது. அவனுக்கோசரம் நாங்க ஏன் காயணும்?"

ஊர்த் தலைவர் எனக்கு மாமா முறை. நல்ல மனுஷன்தான், யார் வீட்டு விசேஷத்துக்கும் முதலில் வந்து நிற்பார். அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "பாடுன்னா பாடுதான். ஒருத்தன் பாட்டைப் புடுங்குனா நாளைக்கு ஏரியிலயும் புடுங்குவான். லைன நிறுத்தாம எப்படி முடியுதோ அப்படிப் பாத்துக்கச் சொல்லு."

எப்படி முடியும்? ஓடுகிற தண்ணீரில் எப்படி முடியும்? பாய் லாரி டியூபைக் கிழித்து, உடைந்த இடத்தில் இறுக்கிச் சுற்றி, இரும்புப் பட்டை போட்டு முறுக்கினார். "இது வைத்தியம் இல்ல தங்கச்சி, கட்டு. அவுந்துடும்" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் சாலைக்காரர்கள் வந்து, தோண்டிய செங்கல்லையும் ஜல்லியையும் அப்படியே குழாய் மேல் தள்ளி மூடினார்கள். "மணல் போடுங்கப்பா" என்றேன். "பாட்டி, போய் தண்ணி தொறந்து வுடு போ" என்றான் ஒருவன். அப்போது எனக்குப் பாட்டி வயசுகூட இல்லை.

குடிநீர் ஆபீஸில் போய்க் கேட்டோம். "அது பழைய லைன். புதுத் திட்டம் வருது, மொத்தமா மாத்திடுவாங்க" என்றார்கள். வருகிற திட்டத்தைக் காட்டி இருக்கிற குழாயைக் கைகழுவுகிற பேச்சு, இன்றைக்கும் அதே பேச்சு. உங்கள் காதிலும் விழும். விழுந்தால், "அது வர்ற வரைக்கும் எதைக் குடிக்கிறது சார்?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருகிறதே, கேளுங்களேன்!

கட்டு அவிழ்ந்தது. பெரிதாக உடையவில்லை, கசிந்தது. கசிகிற குழாய் வெளியே மட்டும் கசிவதில்லை என்று முன்பே சொன்னேன். கல்லறை வளைவில் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே மீன் சந்தைக் கால்வாய் போகிறது. மீன் கழுவின தண்ணீர், குடல், செதில் எல்லாம் அதில்தான். மற்ற தெருக்களின் பாட்டு நாட்களில் கடைசித் தெருவுக்குப் போகும் குழாய் வெறுமையாகக் கிடக்கும். கிடந்து, பக்கத்தில் இருக்கும் கால்வாயை உறிஞ்சும்.

கடைசித் தெருவில் தனம் என்று ஒரு பெண். வீட்டுக்காரன் கட்டுமரத்துக்குப் போகிறவன், அவள் இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போகிறவள். அவள்தான் முதலில் வந்து சொன்னாள்.

"யக்கா, தண்ணி நாறுதுக்கா. கவிச்சி அடிக்குது."

"மொதல் கொடத்த ஊத்திடு தனம்."

"ஊத்துனா மிச்சம் இன்னா இருக்கும்? எங்க பாட்டுல எங்களுக்கு வர்றதே அஞ்சு கொடம்."

கொஞ்ச நாளில் கடைசித் தெருவில் வீட்டுக்கு ஒருத்தருக்கு வயிற்றுப்போக்கு. பெரியவர்கள் சமாளித்தார்கள். தனத்தின் சின்னக் குழந்தை, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த பெண் குழந்தை, துவண்டு போனது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மாற்றுத்துணி எடுக்கத் தனம் ஊருக்கு வந்த அன்று நேராக என்னிடம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யக்கா, டாக்டரு எந்தத் தண்ணி குடுத்தேன்னு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்லுவேன்? நாளன்னைக்கு எங்க பாடு. என் மாமியாரு கொடத்தத் தேச்சி வெச்சிக்கினு கீறாங்க. பெரிய புள்ளயும் அதத்தான் குடிக்கப் போறான். புடிக்கலாமாக்கா? நீதானே தொறக்கற. நீ சொல்லு, புடிக்கலாமா, வேணாமா?"

 வேண்டாம் என்றால் வேறு எதைக் குடிப்பாள்? பிடி என்றால்? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கேள்வியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அன்று முதல் தடவையாகத் தலைவர் வீட்டுக்கு நானே போனேன். அண்ணனைக் கூட்டிப் போகவில்லை. அவர் வாசலில் வலை கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கடைசித் தெருவுல எல்லாருக்கும் வயித்தால போவுது. தனம் கொழந்த ஆஸ்பத்திரில."

"கேள்விப்பட்டேன், பாவம். பிளீச்சிங் மருந்து கொஞ்சம் தூக்கலா போடு தொட்டியில."

"தொட்டியில கெடல மாமா. வளைவுல கெடுது. மூணு நாள் நிறுத்தணும்."

"நாளைக்கு எந்தத் தெரு பாடு?"

"உங்க தெரு."

"எங்க தெருவுல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?" என்று அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் எரிகிறது. கெட்டவன் கேட்டிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்லவன் கேட்டான். அவருக்கு அது நியாயமாகப்பட்டது.

திரும்பி நடந்து வரும்போது யோசித்தேன். எங்கள் ஊரில் பாடு ஒரே ஒரு காரணத்துக்காக நிற்கும். ஊரில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்கும் போக மாட்டார்கள், ஏரிக்கும் போக மாட்டார்கள். குழாய்ப் பாடு உட்பட எல்லாப் பாடும் அப்படியே நிற்கும். பிணத்தை எடுத்து, மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு, நின்ற இடத்திலிருந்து அதே வரிசையில் தொடங்கும். அதில் மட்டும் யாருக்கும் பாடு போகாது. அதனால் அதில் மட்டும் யாரும் சண்டை போடுவதில்லை.

அப்படியென்றால் இவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள்? குழாயைச் சரிசெய்ய மூன்று நாள் வேண்டும். அந்த மூன்று நாளை யாரும் தர மாட்டார்கள். தனத்தின் குழந்தை செத்தால் தருவார்கள். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எல்லோரும் வந்து நிற்பார்கள், அழுவார்கள். இந்தத் தலைவர்தான் முதல் ஆளாக வந்து நிற்பார்.

எனக்கு உடம்பெல்லாம் சுட்டது.

விடிந்ததும் தொட்டியடிக்குப் போய்ப் பெரிய வால்வை இறுக்கி மூடினேன். திருப்புகிற நீளக் கம்பியை உருவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது தெருக் குடங்கள் வரிசையாக வந்தன. தைரியமாக உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம்.  புடவையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"இன்னாம்மே, கொழா காத்து வுடுது. தொறக்கலியா?"

கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"உன்னத்தான்! எங்க பாடு இன்னிக்கு, தெரியுமா தெரியாதா?"

"ஊமச்சி மாதிரி குந்திக்கினு கீது பாரு. கம்பியப் புடுங்குடா."

அதற்குள் யாரோ போய்த் தலைவரைக் கூட்டி வந்தார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. அவர் என் எதிரே வந்து நின்றார்.

"எதுக்கு மூடன?"

"சாவு மாமா" என்றேன்.

 எல்லோரும் குடத்தைக் கீழே வைத்தார்கள். தலைவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "யார் வூட்ல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னும் விழல. விழுந்தா நீங்களே வந்து மூடச் சொல்லுவீங்க. நான் முன்னாடியே மூடிட்டேன்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பொங்கிவிட்டார்கள்.

"அடிப் பாவி! சாவக் கூப்புடறியா ஊருக்கு?"

"வாயி அழுகிடும்டி உனக்கு!"

"கஸ்மாலம், தாலி அறுத்தவ வாயில வேற இன்னா வரும்?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னவள் என் சொந்தச் சித்தி மகள். சொல்லட்டும். நான் தலைவரை மட்டும் பார்த்தேன். அவ்வளவு நேரம் வராத பேச்சு அப்போது வந்தது. 

"மாமா, சாவுன்னா யார் பாடும் போவாது. நாலு தெருவும் நிக்கும், அப்பறம் நின்ன எடத்துலேந்து நடக்கும். உங்க தெரு பாடு உங்களுக்கே வரும். அது ஊருச் சட்டம்தானே? அந்த மூணு நாள ஒரு பொணத்துக்குக் குடுப்பீங்க. உசுரோட கீற கொழந்தைக்குக் குடுக்க மாட்டீங்களா?"

 பின்னாலிருந்து ஒருவன், "அதெப்படி தலைவரே, சாவாத கொழந்தைக்கு..." என்று தொடங்கினான். தலைவர் திரும்பிப் பார்த்தார். அவன் அந்த வார்த்தையை முடிக்கவில்லை. தான் என்ன சொல்ல வந்தோம் என்று அவனுக்கே கேட்டிருக்க வேண்டும்.

தலைவர் துண்டை மறுபடி தோளில் போட்டார். "பாடு நிக்கிது. பாய்க்கு ஆள் அனுப்பு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். என்னை அவர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

பிள்ளைகளே, இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சாவு என்று பொய் சொல்வதை அல்ல. நான் பொய் சொல்லவும் இல்லை. உங்கள் ஊரில் பாடு இருக்காது, வேறு ஏதாவது இருக்கும். கவுன்சிலர் வீட்டுக் கல்யாணம் இருக்கும், திருவிழா இருக்கும், திறப்பு விழா இருக்கும். தண்ணீரை நிறுத்த முடியாததற்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும். ஆள் செத்தால் நிறுத்துவார்களா என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள். நிறுத்துவார்கள் என்றால், அந்த நிறுத்தம் இன்றைக்கும் முடியும். முதலில் மூடுங்கள், பிறகு பேசுங்கள். பேசி முடித்துவிட்டு மூடலாம் என்று நினைத்தால் பேச்சு முடியவே முடியாது.

பாய் வந்து வளைவைத் திறந்தார். செத்த குழாயை வெட்டி மேலே எடுத்துப் போட்டார். உள்ளே கருப்பாக ஒரு விரற்கடைக்குச் சேறு ஒட்டியிருந்தது. சேற்றில் மினுமினு என்று ஏதோ தெரிந்தது. தலைவர் குனிந்து விரலை விட்டு வழித்தார். மீன் செதில். குடிக்கிற தண்ணீர்க் குழாய்க்குள் மீன் செதில்! அவர் விரலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டியில் துடைக்கக்கூட இல்லை.

"உங்க தெருவுக்குத் தொறக்கும்போது இந்தப் பக்கத் தண்ணி அங்கதான் திரும்பி எறங்கும்" என்றார் பாய். "கொஞ்சமா வரும். தெரியாது, அவ்ளோதான்."

இந்த முறை சுவர் மேல் மணல் கொட்டினார்கள். புதுக் குழாயைச் சுற்றியும் மணல்தான். ஜல்லியைத் தள்ள வந்த சாலைக்காரனைத் தலைவரே நின்று விரட்டினார். அந்த வளைவு நான் வேலையில் இருந்தவரை மறுபடி உடையவில்லை. அதே உப்பு மண், அதே லாரி, அதே டச்சுக்காரன் சுவர்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் பொய் எழுதியதாகும். பாடு மறுபடி வந்தது. குழாயை எப்போதும் நிரப்பி வைத்து நாலு தெருவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம் என்று எவ்வளவோ கேட்டேன், மேட்டில் இருக்கும் தெருவுக்குக் குறையும் என்று ஒத்துக்கொள்ளவில்லை. திறக்கும்போது மெதுவாகத் திறப்பேன், யாரும் பக்கத்தில் நின்று கத்தக் கூடாது என்பது மட்டும் எனக்குக் கிடைத்தது. சித்தி மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாவைக் கூப்பிட்டவள் என்று சில வீடுகளில் நல்ல காரியத்துக்கு என்னை அழைப்பதில்லை. இருக்கட்டும்.

வளைவைச் சரிசெய்து முடித்த அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பாடு நின்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும், அதாவது மூன்றாவது தெரு. தலைவர் அதை மாற்றினார். "கடைசித் தெருவுக்கு மொதல்ல வுடு" என்றார். அவர் தெருக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க எல்லோரும் வளைவைத் தாண்டி வந்துவிட்டார்கள். தனமும் அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள். குழந்தை மெலிந்துபோயிருந்தது, கண் மட்டும் அலைபாய்ந்தது.

தொட்டியடியில் மெதுவாகத் திறந்துவிட்டு நானும் அங்கே போனேன். காற்று சீறியது. பிறகு பழுப்பாக வந்தது, பிறகு மங்கலாக, பிறகு கண்ணாடி மாதிரி. "ஆங், வந்திடுச்சு!" என்று கூட்டம் கத்தியது. குடங்கள் முண்டின.

தனம் குடத்தை எடுக்கவில்லை. ஒரு டம்ளரில் பிடித்துத் தலைவரிடம் நீட்டினாள்.

"நீங்க மொதல்ல குடிங்க மாமா. அப்பறம் என் புள்ளைங்களுக்குக் குடுக்கறேன்."

 அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். தூக்கினார். உதட்டுக்குக் கொண்டு போகும் முன் நின்று, கூட்டத்துக்கு மேல் என்னைத் தேடிப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் என்னிடம் யோசனை கேட்டதில்லை.

"குடிக்கலாமா?"

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. ஆமாம் என்று சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம். என் பேரும் நிமிர்ந்துவிடும். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குழாயில் எவ்வளவு நாள் என்ன கிடந்தது என்று நான் பார்த்திருந்தேன்.

"வேணாம் மாமா. ஓடட்டும். மருந்து போட்டுக் கழுவி, நாளைக்குப் பாப்போம்."

"இவ்ளோ தண்ணியும் வீணாவா?" என்று யாரோ அலறினார்கள். தலைவர் டம்ளரைக் கவிழ்த்தார். தண்ணீர் மணலில் இறங்குவதைப் பார்த்துக் குழந்தை கையை நீட்டிப் பெருங்குரலெடுத்து அழுதது. தனம் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் குழாயை மூடவில்லை.